மாற்றிய பெட்டியும் கிளம்பாத வண்டியும்

கடந்த மழைக்காலத்தில் எமது பழைய காரின் இஞ்சின் கட்டுப்பாட்டுப் பெட்டி பழுதுற்றது. பணிமனைகளில் அதனை ஈசிஎம் என்று சுருக்கி அழைப்பர். முன்கண்ணாடியின் அடியிலுள்ள நீர்வடி துளையை இலைச்சருகு அடைத்துக்கொள்ள, வடிய வழியற்ற மழைநீர் வயர் கட்டின் மீது வழிந்து, பெட்டியில் செருகப்படும் கப்ளருக்குள் இறங்கிவிட்டது. சில நாள் வண்டி இழுக்காமல் திணறியது. பின்னர் ஒரு காலையில் அடியோடு நின்றுபோனது.

எமக்கு நெடுநாள் பழக்கமான மெக்கானிக் ஒருவர் உண்டு. வயதில் மூத்தவராதலால் நாம் அவரை நானா என்றே அழைப்போம். அவர் எடுத்த எடுப்பில் ஈசிஎம்மைக் குறை கூறவில்லை. ஃபியூஸ், ரிலே, பெட்டிக்கு வரும் பேட்டரி மின்சாரம், எர்த் வயர் ஆகிய அனைத்தையும் மீட்டர் வைத்துப் பார்த்த பின்னரே பெட்டியின்பால் திரும்பினார். விலையுயர்ந்த பெட்டியைச் சந்தேகிப்பது எளிது, ஐந்து ரூபாய் எர்த் முனையைச் சந்தேகிப்பதே அரிது என்பது அவரது நெடுநாள் குறை. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, பத்து நிமிடம் பொறுத்து, கப்ளர்களின் பூட்டு நெம்பைப் பின்னுக்கு இழுத்து விடுவித்தார். நான்கு போல்ட்டுகளை அவிழ்த்ததும் கையடக்க அலுமினியப் பெட்டி வெளியே வந்தது. அதே பாக எண் பொறித்த பழைய பெட்டியொன்றை உதிரிபாகக் கடையிலிருந்து வரவழைத்து, அதே வரிசையில் பொருத்தினார். மொத்தம் அரை மணி நேர வேலை.

சாவியைத் திருகினோம். செல்ஃப் மோட்டார் சுழன்றது. இஞ்சின் ஒரு நொடி உயிர்த்து உடனே அணைந்தது. டேஷ்போர்டில் சாவிச் சின்னமிட்ட விளக்கு விடாமல் சிமிட்டிற்று. நானா பெருமூச்செறிந்து, "பெட்டி நல்ல பெட்டிதான் தம்பி. இந்த வண்டி யாருன்னுதான் அதுக்குத் தெரியல" என்றார்.

அவர் வேடிக்கையாகக் கூறவில்லை. ஒரே ஆலையில், ஒரே அச்சில், ஒரே எண்ணுடன் பிறந்த இரு பெட்டிகளுள் ஒன்று மற்றொன்றின் இடத்தில் வேலை செய்ய மறுப்பதேன்? கார்பரேட்டரைக் கழற்றி வேறொரு கார்பரேட்டரைப் பூட்டினால் வண்டி கேள்வி கேட்பதில்லையே? இவ்வினாக்களைத் தொடர்ந்து சென்றபோது நாம் கண்ட வரலாற்றையே இங்கு எழுத முனைகிறோம். நானா அரை மணியில் செய்த வேலைக்கும் கிளம்பாத அந்த வண்டிக்கும் இடையே அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட கதை இருக்கிறது.

வரலாற்றின் முதல் ஏடே ஒரு கழற்றலில்தான் தொடங்குகிறது. அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம் 1950களில் எலக்ட்ரோஜெக்டர் என்னும் மின்னணு எரிபொருள் தெளிப்பு முறையை உருவாக்கியது. எவ்வளவு பெட்ரோல், எத்தருணத்தில் தெளிக்கப்பட வேண்டும் என்பதை டிரான்சிஸ்டர்கள் அடங்கிய ஒரு பெட்டி முடிவு செய்யும். கிரைஸ்லர் நிறுவனம் 1958ஆம் ஆண்டு மாடல்களில் அதனை விருப்பத் தேர்வாக விற்றது. பொருத்தப்பட்டவை ஏறத்தாழ 35 கார்களே. இஞ்சினின் வெப்பமும் அதிர்வும் அக்காலத்து மின்னணுப் பாகங்களுக்குத் தாங்கவில்லை. முடிவில் அவற்றுள் பெரும்பாலானவற்றிலிருந்து அப்புதுமுறை முழுவதும் கழற்றப்பட்டுப் பழைய கார்பரேட்டர்களே திரும்பப் பூட்டப்பட்டன. ஆக, இஞ்சினை ஆளும் மின்னணுப் பெட்டிக்குக் கிடைத்த முதல் மாற்றுப் பாகம் கார்பரேட்டர்தான்! அன்று அந்தக் காரின் உரிமையாளரிடம் எவரும் அனுமதிக் குறியீடு கேட்கவில்லை. இஞ்சினும் கேட்கவில்லை.

பெண்டிக்ஸின் காப்புரிமையைப் பெற்றுக்கொண்ட ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1967இல் டி-ஜெட்ரானிக் என்ற பெயரில் அதே கருத்தைச் செம்மைப்படுத்தி, ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் அறிமுகம் செய்தது. அதற்குள் டிரான்சிஸ்டர்கள் தேறியிருந்தன. ஆனால் இம்முறை வெற்றி பெற்றமைக்கு அது மட்டுமே காரணமன்று. காற்று கெட்டுப்போயிருந்தது.

1943ஆம் ஆண்டின் கோடையில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் மீது கண்ணெரியச் செய்யும் புகைமூட்டம் கவிந்தபோது, அது போர்க்காலமாதலால் ஜப்பானியரின் நச்சுவாயுத் தாக்குதலோ என்று மக்கள் அஞ்சினர். பிறகு ஆலைகளின் மீது பழி விழுந்தது. உண்மையான காரணத்தைக் கண்டறிந்தவர் அரி ஹாகன்-ஸ்மித் என்னும் டச்சு வம்சாவளி வேதியியல் பேராசிரியர். கால்டெக்கில் அன்னாசிப் பழத்தின் மணத்திற்குரிய சேர்மங்களை ஆய்ந்துகொண்டிருந்தவர், அதே நுட்பத்தை நகரின் காற்றின்பால் திருப்பினார். கார்களின் சைலன்சரிலிருந்தும் எண்ணெய் ஆலைகளிலிருந்தும் வெளியேறும் எரியாத ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்தே அம்மூட்டம் உண்டாகிறது என்று 1950களின் தொடக்கத்தில் அவர் நிறுவினார். எண்ணெய் நிறுவனங்களின் தரப்பிலிருந்து கடும் மறுப்புகள் எழுந்தன. அவர் தம் முடிவில் நின்றார். கலிஃபோர்னியாவில் காற்று வள வாரியம் அமைக்கப்பட்டபோது அதன் முதல் தலைவராகவும் அவரே அமர்ந்தார்.

1970ஆம் ஆண்டின் இறுதி நாளன்று அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டத் திருத்தம் கையொப்பமானது. கார்களின் புகையிலுள்ள நச்சுகளை ஐந்தாறு ஆண்டுக்குள் 90 விழுக்காடு குறைக்க வேண்டும் என்றது அச்சட்டம். அதற்கு விடையாக வந்தது வினையூக்கி மாற்றி. பிளாட்டினம் முதலிய உலோகங்கள் பூசிய தேன்கூடு போன்ற அந்தக் கருவி, புகைக் குழாயிலேயே நச்சுகளை எரித்தும் சிதைத்தும் விடும். ஆனால் மூவகை நச்சுகளையும் ஒருங்கே நீக்கும் மாற்றிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று என்னும் விகிதம் ஏறத்தாழ எப்போதும் நிலைக்க வேண்டும். காற்று மிகுந்தால் ஒரு வகை நச்சு தப்பும், பெட்ரோல் மிகுந்தால் மற்றவை தப்பும். மேட்டில் ஏறும்போதும், குளிர்ந்த காலையில் கிளம்பும்போதும், நெரிசலில் ஊரும்போதும் அவ்விகிதத்தைக் காப்பது ஊசியும் ஸ்பிரிங்கும் கொண்ட கார்பரேட்டருக்கு இயலாத காரியம்.

எனவே புகைக் குழாயில் ஒரு நாசி வைக்கப்பட்டது. போஷ் உருவாக்கிய ஆக்சிஜன் சென்சார், 1977 மாடல் வால்வோ கார்களில் கலிஃபோர்னியச் சந்தைக்காக முதன்முதலில் வந்தது. சிர்கோனியா என்னும் பீங்கான் வகையாலான அச்சென்சார், புகையில் எஞ்சிய ஆக்சிஜனை வெளிக்காற்றோடு ஒப்பிட்டு, ஒரு வோல்ட்டுக்கும் குறைந்த மின்னழுத்தமாகச் செய்தி அனுப்பும். பெட்டி அதனைப் படித்துத் தெளிப்பைக் கூட்டும் அல்லது குறைக்கும், விளைவை மீண்டும் படிக்கும், மீண்டும் திருத்தும்.

இவ்விடத்தில் எமது தளத்தின் வாசகர்களுக்குப் பழக்கமான ஒரு பெயர் நினைவுக்கு வரும். தன் விளைவைத் தானே உணர்ந்து தானே திருத்திக்கொள்ளும் கருவி என்றதும், ஒன்பதாம் நூற்றாண்டின் பக்தாதில் மிதவைத் தடுக்கிதழ்களைக் கொண்டு நீர்மட்டத்தைத் தானாகவே நிலைநிறுத்திய பனூ மூஸா சகோதரர் மூவரையும், 1206இல் தம் பொறிகளின் நூலை நிறைவு செய்த அல்-ஜஸரீயையும் குறிப்பிடாமல் செல்வது முறையன்று. ஆயினும் ஈசிஎம் அவர்களது நேரடி வாரிசு என்று எழுதினால் அது மிகையாகும். வரலாற்றில் நமக்குரிய பங்கைக் கூறுவதற்கு மிகை தேவையில்லை என்பது எமது எண்ணம். மிதவையும் சென்சாரும் ஒரே கருத்தின் இரு வேறு பிறப்புகள், அவ்வளவே.

1970களின் பின்பாதியில் பெட்டிக்குள் நுண்செயலி புகுந்தது. 1977இல் ஓல்ட்ஸ்மொபைல் டொரனாடோவில் தீப்பொறியின் நேரத்தை மட்டும் ஒரு நுண்செயலி கணித்தது. ஃபோர்டு நிறுவனம் ஜப்பானின் தோஷிபாவிடம் 12 பிட் நுண்செயலியை வாங்கி, 1978 லிங்கன் வெர்சாய் காரில் பொருத்தியது. 1979இல் போஷின் மோட்ரானிக், பிஎம்டபிள்யூ 732ஐ காரில் தெளிப்பையும் தீப்பொறியையும் ஒரே பெட்டியின் கீழ் கொண்டுவந்தது. 1981இல் ஜெனரல் மோட்டார்ஸ் அமெரிக்காவில் விற்ற பெட்ரோல் கார்களில் ஏறத்தாழ அனைத்திலும் கணினிக் கட்டுப்பாடு வந்துவிட்டது. ஓரிரு உயர்விலைக் கார்களின் அதிசயமாயிருந்த பெட்டி, ஒரே ஆண்டில் லட்சக்கணக்கான சாமானியர்களின் வண்டிக்குள் அமர்ந்தது. தெருமுனை மெக்கானிக்கும் அன்றுதான் அதனை முதன்முதலாகச் சந்தித்தார்.

அந்த 1981ஆம் ஆண்டுப் பெட்டியைப் பற்றிச் சற்று விரித்துரைக்க விரும்புகிறோம். எமது வினாவின் விடை அதற்குள்தான் இருந்தது.

ஜெனரல் மோட்டார்ஸின் ஏராளமான மாடல்களுக்கு ஏராளமான வகைப் பெட்டிகளைச் செய்து கிடங்கில் அடுக்கி வைப்பது இயலாது. எனவே பொறியாளர்கள் உடலையும் அறிவையும் பிரித்தார்கள். பெட்டியின் மின்சுற்று பல கார்களுக்கும் பொது. குறிப்பிட்ட எடை, குறிப்பிட்ட கியர், குறிப்பிட்ட இஞ்சின் ஆகியவற்றுக்கேற்ற எண்களின் அட்டவணை மட்டும் ப்ராம் எனப்படும் ஒரு சிறு சில்லில் எழுதப்பட்டு, பெட்டியினுள் ஒரு சாக்கெட்டில் செருகப்பட்டது. உதிரிபாகமாக வாங்கும் புதிய பெட்டியில் அச்சில்லு இராது. மெக்கானிக் பழைய பெட்டியின் மூடியைத் திறந்து, சில்லை நோகாமல் பெயர்த்தெடுத்து, திசை மாறாமல் புதிய பெட்டியில் செருக வேண்டும். திசை மாறினால் சில்லு கருகிவிடும். கவனம் தேவைப்பட்ட வேலைதான். ஆனால் கையால் செய்யக்கூடிய வேலை. நிறுவனத்தின் கணினியோடு பேச வேண்டிய தேவை எவருக்கும் எழவில்லை. பெட்டி மாறினாலும் வண்டியின் அறிவு வண்டியிலேயே, உரிமையாளரின் கையிலேயே தங்கியது.

பழுதறியும் முறையும் அவ்வாறே எளிதாயிருந்தது. டேஷ்போர்டின் அடியிலுள்ள சிறு கப்ளரில் ஏ, பி என்னும் இரு முனைகளை ஒரு காகிதக் கவ்வியால் இணைத்துச் சாவியைத் திருப்பினால், இஞ்சின் எச்சரிக்கை விளக்கு சிமிட்டிக் கணக்குச் சொல்லும். ஒரு சிமிட்டல், இடைவெளி, இரு சிமிட்டல் என்றால் 12ஆம் எண். இஞ்சின் சுழலவில்லை என்பதே அதன் பொருளாதலால், அது பழுதின் அறிகுறியன்று, பெட்டி உயிருடன் பேசுகிறது என்பதன் சான்று. இருபது பைசா கம்பியால் கணினியுடன் உரையாட இயன்ற காலம் அது.

நச்சுக் கட்டுப்பாடு கடுமையாகக் கடுமையாக, சட்டம் பெட்டியை மேலும் நெருங்கியது. கலிஃபோர்னியா 1988 மாடல் முதல் வண்டி தன் பழுதைத் தானே கண்டறிய வேண்டும் என்றது. 1990இல் மீண்டும் திருத்தப்பட்ட தூய காற்றுச் சட்டத்தின் விளைவாக, 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் கார்கள் அனைத்திலும் ஓபிடி இரண்டாம் தலைமுறை கட்டாயமாயிற்று. ஸ்டீயரிங்கின் அடியில் 16 முனைகள் கொண்ட ஒரே வடிவக் கப்ளர், ஒரே மொழியிலான பழுது எண்கள். இந்தியாவில் பாரத் நிலை நான்கோடு 2010இல் அதன் முதற்படியும், 2013இல் இரண்டாம் படியும் வந்தன. இன்று எச்சிற்றூரிலும் மெக்கானிக் ஸ்கேனரை எடுத்துவந்து செருகிப் பார்க்க முடிவது அச்சட்டங்களின் கொடை. பழுதுநீக்கத்திற்கு வேண்டிய புகை தொடர்பான தகவல்களைத் தன் சொந்தக் கிளைகளுக்கு மட்டுமன்றி வெளியாருக்கும் தர வேண்டும் என்று அந்த 1990ஆம் ஆண்டுச் சட்டம் உற்பத்தியாளரைக் கட்டாயப்படுத்தியதும் நினைவுகூரத்தக்கது.

அதே சமயத்தில் சாக்கெட்டில் செருகிய சில்லு மறையலாயிற்று. அழித்து எழுதக்கூடிய நினைவகங்கள் மலிவானதும், அறிவு பலகையோடு பலகையாகப் பற்றவைக்கப்பட்டது. புதிய பெட்டி வெறுமையாக வரும். அதனுள் நிரலையும் வண்டியின் அடையாள எண்ணையும் உரிய கருவியின் வழியே எழுத வேண்டும். எழுதும் கருவி யாரிடம் உள்ளதோ, வண்டி அவரிடம் செல்ல வேண்டும். நன்மையும் இதில் இல்லாமலில்லை. பிழையான நிரலைப் பெட்டியைக் கழற்றாமலேயே திருத்த முடிந்தது. ஆயினும் ஸ்பேனரின் எல்லை அங்கே முடிந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

இரண்டாவது பூட்டு திருடரால் வந்தது. 1986இல் கார்வெட் காரின் சாவியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு சிறு மின்தடையைப் பதித்தது. 15 அளவுகளுள் வண்டிக்குரிய ஓர் அளவு பொருந்தாவிடில் இஞ்சின் கிளம்பாது, சில நிமிடம் காத்திருக்கவும் வேண்டும். பெர்லின் சுவர் வீழ்ந்த பின் ஜெர்மனியிலிருந்து கிழக்கு நோக்கிக் கார்கள் களவு போவது பெருகியது. காப்பீட்டு நிறுவனங்கள் 1995 முதல் புதிய கார்களில் மின்னணு இம்மொபிலைசரை எதிர்பார்த்தன. ஐரோப்பிய ஒன்றியம் 1998 அக்டோபர் முதல் அதனைக் கட்டாயமாக்கியது. சாவியின் பிடிக்குள் பேட்டரியே இல்லாத நுண்சில்லு ஒன்று. சாவித் துளையைச் சுற்றிய கம்பிச் சுருள் அதற்கு மின்னூட்டி வினவும், சில்லு தன் இரகசியத்தைக் கொண்டு விடை பகரும். விடை சரியெனில் இம்மொபிலைசர் ஈசிஎம்முக்குச் செய்தி தரும். இல்லையெனில் ஈசிஎம் பெட்ரோல் தெளிப்பை நிறுத்திவிடும். எமது வண்டி ஒரு நொடி உயிர்த்து அணைந்தது இதனாலேயே. வேறொரு வண்டியில் வாழ்ந்த பெட்டிக்கு அந்த வண்டியின் சாவியே நினைவில் இருந்தது. எமது சாவியை அது அந்நியன் என்றது.

ஆக, காற்றைக் காக்க ஒரு பூட்டு, களவைத் தடுக்க ஒரு பூட்டு. இவ்விரண்டின் நியாயத்தையும் நாம் மறுக்கவில்லை. புகையற்ற காற்றும் களவு போகாத உடைமையும் வேண்டாம் என்று கூறுவோர் யார்? மூன்றாவது பூட்டின் கதை வேறு.

அமெரிக்காவில் 1998இல் இயற்றப்பட்ட மின்னியல் பதிப்புரிமைச் சட்டம், இசையையும் திரைப்படத்தையும் திருட்டுப் பிரதியிலிருந்து காக்கவென வந்தது. பதிப்புரிமை பெற்ற படைப்பின் மீது போடப்பட்ட தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதே குற்றம் என்றது அது. ஈசிஎம்முக்குள் இருப்பதும் எழுதப்பட்ட நிரல்தானே? எனவே தன் வண்டியின் பெட்டியைத் தானே திறந்து படிப்பவரும் அச்சட்டத்தின் நிழலில் வந்தார். 2015இல் இதற்கு விலக்கு கோரப்பட்டபோது, டிராக்டர் உற்பத்தியாளரான ஜான் டீர் நிறுவனம் ஒரு வாதத்தை முன்வைத்தது. வண்டியை வாங்கியவர் அதனுள்ளிருக்கும் நிரலின் உரிமையாளர் அல்லர், வண்டி உழைக்கும் காலம்வரை அதனைப் பயன்படுத்துவதற்கான மறைமுக அனுமதி பெற்றவர் மட்டுமே என்பது அதன் சாரம். ஜெனரல் மோட்டார்ஸும் விலக்கை எதிர்த்தது. விலை கொடுத்து, பெயரில் பதிந்து, வாசலில் நிறுத்தியிருக்கும் வண்டியின் ஒரு பகுதி இன்னும் விற்றவரிடமே உள்ளது என்னும் இவ்வாதத்தை முதன்முறை படித்தபோது எமக்குச் சினமே மூண்டது. விற்பனை என்பது பொருளின் உடைமை கைமாறுவது என்றே நாம் கற்றிருக்கிறோம்.

அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் விலக்கு வேண்டாம் என்று எழுதியது. பெட்டியைத் திறந்துவிட்டால் மக்கள் நிரலை மாற்றிக் காற்றைக் கெடுப்பர் என்பது அதன் அச்சம். அவ்வச்சம் ஆதாரமற்றதன்று. வேகத்திற்காகப் புகைக் கட்டுப்பாட்டை அணைப்போர் இருக்கவே செய்கின்றனர். ஆனால் இரண்டே மாதத்தில், செப்டம்பர் 18 அன்று, அதே முகமை ஃபோக்ஸ்வாகன் மீது குற்றச்சாட்டு வெளியிட்டது. நிறுவனத்தின் டீசல் கார்களில், தாம் சோதனைச் சாலையில் நிற்கிறோமா தெருவில் ஓடுகிறோமா என்பதை உணர்ந்து, சோதனையில் மட்டும் புகையைத் தூய்மைப்படுத்தும் நிரல் ஈசிஎம்மிலேயே எழுதப்பட்டிருந்தது. தெருவில் நைட்ரஜன் ஆக்சைடு அனுமதித்த அளவைவிட 40 மடங்கு வரை எழுந்தது. உலகெங்கும் ஏறத்தாழ ஒரு கோடியே பத்து லட்சம் கார்கள். காற்றைக் கெடுக்கும் நிரல் மாற்றம் நிகழ்ந்தது உண்மைதான். அதனைச் செய்தவர் தெருவோர மெக்கானிக் அல்லர், பூட்டின் சாவியை வைத்திருந்தவரே செய்தார்.

அது வெளிப்பட்ட விதமும் கவனிக்கத்தக்கது. பெட்டியைத் திறந்து நிரலைப் படித்து எவரும் கண்டுபிடிக்கவில்லை. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் சிறு ஆய்வுக் குழு, வண்டியின் பின்புறம் அளவைக் கருவிகளை ஏற்றிக்கொண்டு கலிஃபோர்னியாவின் சாலைகளில் ஓட்டிச் சென்று, வெளிவந்த புகையை அளந்தது. பெட்டி பேசாததைப் புகை பேசிற்று.

2015 அக்டோபரில் விலக்கு வழங்கப்பட்டது. ஓராண்டுக்குப் பின் நடைமுறைக்கு வந்தது. உரிமையாளருக்காகப் பிறர் பழுதுநீக்கித் தருவதற்கும் 2018இல் வழி திறந்தது. அதற்கு முன்னரே 2012இல் மாசசூசெட்ஸ் மாநில வாக்காளர்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர், நிறுவனக் கிளைகளுக்குக் கிடைக்கும் பழுதுநீக்கத் தகவல்களும் கருவிகளும் வெளி மெக்கானிக்குகளுக்கும் கிடைக்க வேண்டும் என வாக்களித்திருந்தனர். 2014இல் வாகன உற்பத்தியாளர் சங்கங்கள் அதனை நாடு முழுமைக்கும் ஓர் உடன்படிக்கையாக ஏற்றன. வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. வண்டிகள் இணையத்தோடு பேசத் தொடங்கியதும் அதே மாநிலம் 2020இல் மீண்டும் வாக்களிக்க நேர்ந்தது.

இங்கு ஒரு கிளைச் செய்தி. எமது கைக்கு வந்த பழைய பெட்டியை விற்ற கடைக்காரர், அது எவ்வகை வண்டியிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை வாய்திறந்து கூறினார், பெட்டி பொருந்தாவிடில் திரும்பப் பெறுவதாகவும் ஒப்புக்கொண்டார். இது சிறிய காரியமன்று. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் ஈசிஎம்மைத் துடைத்துக் காயவைத்தால் வெளித்தோற்றத்தில் குறை காண இயலாது. சில மாதம் ஓடியும் காட்டும், பிறகுதான் உள்ளிருக்கும் அரிப்பு வேலை செய்யும். ஃபிக்ஹு நூல்களில் கியாருல் ஐப் என்றொரு பாடம் உண்டு. மறைந்திருந்த குறை பின்னர் வெளிப்பட்டால் வாங்கியவர் வணிகத்தை முறித்துக்கொள்ளும் உரிமை அது. நம் சட்ட அறிஞர்கள் அடிமை வணிகத்தையும் கால்நடைச் சந்தையையும் துணிக் கடையையும் முன்வைத்து அதனை விரித்தெழுதினர். கண்ணுக்கே தென்படாத நிரலில் குறையை மறைத்து விற்பதை அந்தப் பாடத்தில் எங்கே வைப்பது என்பது, மார்க்க அறிஞர்கள் எழுத வேண்டிய பகுதியென்றே நாம் கருதுகிறோம்.

எமது வண்டிக்குத் திரும்புவோம். கிளையில் விசாரித்தபோது புதிய பெட்டியும் அதில் நிரலெழுதும் கூலியும் சேர்ந்து, அந்தப் பழைய வண்டியின் சந்தை மதிப்பில் பெரும்பங்கை விழுங்கும் எனத் தெரிந்தது. நானா வேறொரு வழி சொன்னார். நகரில் ஈசிஎம் பலகைகளை மட்டுமே பழுதுநீக்கும் இளைஞர் ஒருவர் இருக்கிறார், இரண்டு பெட்டிகளையும் சாவியையும் எடுத்துச் செல்வோம் என்றார்.

அவ்விளைஞரின் கடை, ஒரு மேசையும் உருப்பெருக்கியும் வெப்பக் காற்றுச் சால்டரிங் கருவியும் அடங்கிய ஓர் அறை. பெட்டிகளைத் தொடும் முன் அவர் வண்டியின் ஆர்சி புத்தகத்தைக் கேட்டார். அதிலுள்ள சேசிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டார். "இதே வேலைய வச்சுத்தான் திருட்டு வண்டியும் ஓட்டுறாங்க, தப்பா நினைக்காதீங்க" என்றார். நாம் தவறாக நினைக்கவில்லை, நிம்மதியே அடைந்தோம். பழைய பெட்டியின் மூடியைத் திறந்து காட்டினார். மின்சாரம் நுழையும் மூலையில் வெண்ணிறமும் பச்சையுமாக அரிப்புப் படர்ந்து, செப்புத் தடங்கள் அறுந்திருந்தன. ஆனால் பலகையின் மறுகோடியில், எட்டுக் கால்கள் கொண்ட அரிசி மணியினும் சற்றே பெரிய சில்லு ஒன்று பழுதின்றி இருந்தது. இம்மொபிலைசரின் இரகசியமும் வண்டியின் அடையாளமும் அதற்குள்தான் என்றார்.

அதனை வெப்பக் காற்றால் இளக்கி எடுத்தார். முதலில் அதிலுள்ளதைப் படித்துக் கணினியில் ஒரு பிரதி வைத்துக்கொண்டார். மாற்றுப் பெட்டியின் அதே இடத்திலிருந்த சில்லைப் பெயர்த்து, எமது சில்லை அங்கே, திசைக் குறியை இருமுறை சரிபார்த்துப் பற்றவைத்தார். நாற்பது ஆண்டுக்கு முன் ஒரு மெக்கானிக் பழைய பெட்டியின் ப்ராமைப் பெயர்த்துப் புதிய பெட்டியில் செருகியதும் இதுவேதான். அன்று உற்பத்தியாளரே அதற்கெனச் சாக்கெட் வைத்துக் கொடுத்திருந்தார். இன்று அதற்கு உருப்பெருக்கியும் நடுங்காத கையும் வேண்டியிருந்தது.

மாலையில் நானா பெட்டியைப் பொருத்தினார். பேட்டரியை இணைத்துச் சாவியைத் திருப்பியதும் சாவிச் சின்ன விளக்கு சில நொடி எரிந்து அணைந்தது. இஞ்சின் கிளம்பியது, அல்ஹம்துலில்லாஹ். முதலில் ஐடிலிங் ஏறியும் இறங்கியும் தள்ளாடிற்று. புதிய பெட்டி இந்த இஞ்சினின் காற்றுவழியைக் கற்றுக்கொள்கிறது, சற்றுப் பொறுங்கள் என்று நானா ஏசியையும் விளக்குகளையும் அணைத்து வைத்தார். கால் மணியில் இஞ்சின் சீராக நின்றது. பானட்டை மூடும் முன் அவர் ஒரு நீளக் கம்பியை எடுத்து, முன்கண்ணாடியின் அடியிலிருந்த நீர்வடி துளையில் விட்டு, மக்கிப்போன வேப்பஞ்சருகை ஒரு கைப்பிடி வெளியே இழுத்துப் போட்டார்.